நூலெண்ணியார்

இங்கிலாந்தில் கோடை பிறந்தால் போதும், ஏதாவது ஒரு மைதானத்தில் பழைய போர் ஒன்றை மறுபடி நடத்துவார்கள். வாள் சுழற்றுகிறவரை ஊரே வேடிக்கை பார்க்கும். எனக்கு வேடிக்கை, கூடாரத்து நிழலில் உட்கார்ந்து ஓரம் தைத்துக்கொண்டிருப்பவர். அந்தக் கூட்டத்தில் இவருக்குப் பட்டப்பெயர் 'நூலெண்ணி'. வயதில் பெரியவர், நாம் 'யார்' சேர்த்துக்கொள்வோம்.

நூலெண்ணியார் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். சட்டை ஓரத்தைப் புரட்டிப் பார்ப்பார். மிஷின் தையல் தெரிந்தால் ஒரு பெருமூச்சு. மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்ட பெண் வீட்டார் விடுவார்களே, அந்த ரகம். சிங்கர் தன் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கிய 1851, இவர் கணக்கில் ஒரு துக்க வருஷம்.

வாயில் எப்போதும் ஒரே கேள்வி: "ஆதாரம்?" தொப்பியை லேசாகச் சாய்த்து வைத்தாலும் ஆதாரம் வேண்டும். "அந்தக் காலத்தில் இப்படித்தான் போட்டிருப்பார்கள்" என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் தொலைந்தார்கள். 1921-இல் கிரீன்லாந்தில், ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் இடுகாட்டின் உறைந்த மண்ணிலிருந்து தோண்டியெடுத்த கம்பளி அங்கிகளில் ஆரம்பிப்பார். பிணத்தோடு புதைந்த துணியைப் பல நூறு வருஷம் பனி காத்துக்கொடுத்த கதை முடிவதற்குள் உங்கள் டீ ஆறிவிடும். குடும்பச் சுற்றுலா என்று சொல்லித்தான் மனைவியை, அந்த அங்கிகள் இருக்கும் கோபன்ஹேகனுக்கு அழைத்துப் போனார். அருங்காட்சியகத்துக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, விலாப்பக்கத்து ஒட்டுத்துண்டுகளை எண்ணியே பகல் போயிற்று.

சாயம் போடுவதும் சொந்தக் கையால்தான். நீலத்துக்கு வோட் என்கிற செடியின் இலை. பழைய முறைப்படி அதைப் புளிக்கவைக்க நாள்பட்ட சிறுநீர் வேண்டும். கார் ஷெட்டில் மூடிபோட்ட வாளி ஒன்று இருக்கிறது. கார்தான் தெருவில் நிற்கிறது. தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சளும் பச்சையுமாக இருந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். அந்த அழகுக்காக வாளியை மன்னிக்கலாம் என்று எனக்கே தோன்றியதுண்டு. "எங்கள் ஊர் அவுரியில் இருப்பதும் இதே நீலம்தானே?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"நீலம் அதேதான். 1471-இல் டூக்ஸ்பரிப் போரில் நின்ற ஏழை வில்லாளிக்கு அதை யார் கொண்டுவந்து கொடுத்தது? ஆதாரம்?"

நான் வாயைத் திறக்கவில்லை.

நூலைத் தேன்மெழுகில் இழுத்து இழுத்து, ஒரு அங்குலத்துக்குப் பத்துத் தையல் போடுவார். வெளியே தெரியாத உள்மடிப்புக்கும் அதே பத்து. துணியையே உருட்டி உருட்டிப் பித்தான் செய்வார். இதே மனிதர் ஆபீசுக்குப் போட்டு வரும் சட்டையில் மணிக்கட்டுப் பட்டன் உதிர்ந்து ஆறு மாதமாகிறது. ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறார்.

உடை தைப்பதாவது வேதனையோடு முடிகிறது. உடுத்துவது தனிப் பாடு. இடுப்பு வரை வரும் இறுக்கமான கம்பளிக் கால்சட்டையை மேல்சட்டையோடு சுற்றிவர நாடா போட்டுக் கட்ட வேண்டும். பின்பக்கத்து முடிச்சை அவிழ்க்க இன்னொரு கை வேண்டும். மைதானத்து ஓரத்தில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் கழிப்பறைக்குள், பெரிய பீர்க் குவளைக்குப் பின் அவர் நடத்தும் போராட்டத்தை எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை. வெளியே வந்தால் யாராவது கேட்பார்கள்: "இந்த வெயிலில் கம்பளியா? புழுங்கலையா?" முகமெல்லாம் வேர்வை வழிய, "உள்ளே லினன், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும்" என்று அரைமணி நேரம் விளக்குவார்.

போன ஜூலையில் டூக்ஸ்பரி விழாவுக்குப் போயிருந்தேன். அசல் போர் நடந்தது மே 4. அதை ஜூலையில் நடத்துவதற்கு மட்டும் அவர் ஆதாரம் கேட்பதில்லை. தோற்கப்போகும் லங்காஸ்டர் கட்சியில்தான் சேருவார். சீக்கிரம் சாகலாம், துணி கிழியாது. முதல் அம்பு கிளம்பியதுமே, சேறில்லாத புல்தரையாகப் பார்த்து, அங்கியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு பதமாக விழுந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன்.

பக்கத்தில் இன்னொரு பிணம். அதன் கை ஓரம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. உதடு அசையாமல் கேட்டார்:

"மிஷினா?"

பிணம் கண்ணைத் திறக்கவில்லை. "உள்பக்கம் மட்டும்தான்."

நூலெண்ணியார் பெருமூச்சு விட்டார்.

"அம்மா, செத்தவர் மூச்சு விடுறார்!" என்று ஒரு குழந்தை கத்தியது.