ஒரு ஸ்ட்ரைக்கரும், அதற்கு முன்பாக ஒரு சீசனும்

அனுப்புநர்
பட்டு நெசவாளன், சென்னையின் எஃப்.சி. ரசிகன்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.

பெறுநர்
அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு,
ஃபுட்பால் ஹவுஸ், துவாரகா, புது தில்லி.

பொருள்: எங்கள் அணிக்கு ஒரு ஸ்ட்ரைக்கரும், அதற்கு முன்பாக ஒரு சீசனும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கு,

2026-ன் தை பிறந்துவிட்டது. வழக்கமான ஆண்டென்றால், புரட்டாசியில் தொடங்கிய ஐ.எஸ்.எல். இந்நேரம் பாதியைத் தாண்டியிருக்கும். எங்கள் அணி நாலைந்து ஆட்டமாவது தோற்றிருக்கும். நான் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி கோச்சையும், கோலுக்கு நேரே நின்றுகொண்டு பந்தை ஆகாயத்துக்கு அடிக்கிறவரையும், அவரைக் காசு கொடுத்து வாங்கியவரையும் வரிசையாகத் திட்டிக்கொண்டிருப்பேன். ரசிகனுக்கு வேறென்ன சொத்து இருக்கிறது? அந்தச் சொத்தைத்தான் தாங்கள் இந்த ஆண்டு ஜப்தி செய்துவிட்டீர்கள். திட்டுவதற்கு லீக் ஆட்டம் ஒன்றுகூட நடக்கவில்லை.

எங்கள் அணியின் ஜாதகம் தில்லியில் கோப்புகளுக்கு அடியில் சிக்கியிருக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறப்பு 2014. உரிமையாளர்கள் பட்டியலில் அபிஷேக் பச்சன் உண்டு, வீட்டா தானி உண்டு, எம்.எஸ். தோனி உண்டு. 2015-ல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடி, கொல்கத்தாவை மூன்று கோலில் சாய்த்தது எங்கள் அணி. இறுதி ஆட்டம் கோவாவில். 90-வது நிமிடம் வரை இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கி நின்றோம். அப்போது எதிரணியின் கோல்கீப்பர் தன் வலைக்குள்ளேயே ஒன்றை விட்டுக்கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் மென்டோசா இன்னொன்று அடித்தார். கோப்பை எங்களுக்கு. 2018 மார்ச்சில் பெங்களூருவில், பெங்களூரு அணியையே மூன்றுக்கு இரண்டு என்று வென்று இரண்டாவது கோப்பை. அன்று மைல்சன் ஆல்வஸ் கார்னரில் வந்த பந்துகளைத் தலையால் முட்டி அடித்த இரண்டு கோல்களையும் இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம்.

அந்தச் சந்தோஷத்தில், நீல உடலில் பந்து புட்டா போட்டு ஒரு சேலை நெய்தால் என்ன என்று டிசைன் போடுகிறவரிடம் கேட்டேன். கட்டம் போட்ட தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘ருத்ராட்சம்னு சொன்னா வித்துடலாம்ணே’ என்றார். காஞ்சிபுரத்தில் கால்பந்தின் நிலை இதுதான்.

அதன் பிறகு எங்கள் அணிக்கு ஏழரை. கோப்பை வென்ற அடுத்த பருவத்திலேயே பதினெட்டு ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். அதற்கடுத்த பருவத்தில் ஓவன் காயில் கோச்சாக நடுவழியில் வந்து, மூழ்கிக்கொண்டிருந்த அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். அந்த இறுதியும் 2020 மார்ச்சில், கொரோனாவுக்காகப் பூட்டிய அரங்கில், ஒரு ஜனம் பார்க்காமல் நடந்து முடிந்தது, தோற்றோம். காயிலைப் பிடித்து வைத்துக்கொண்டோமா? இல்லை. அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய் அவர்களுக்கு லீக் ஷீல்டு வாங்கிக்கொடுத்தார். நாங்கள் லாஸ்லோ, பாந்தோவிச், பிர்தாரிச் என்று பருவத்துக்கு ஒரு கோச்சாக மாற்றி, மூன்று பருவமும் விடாமல் எட்டாமிடம் பிடித்தோம். பிறகு அதே காயிலைத் திரும்ப அழைத்து வந்தோம். அவர் ஒருமுறை பிளே-ஆஃப் வரை கூட்டிப்போனார். 2024–25-ல் 24 ஆட்டத்தில் 27 புள்ளி, பதின்மூன்று அணிகளில் பதினோராம் இடம். அதே 2025-ல் சி.எஸ்.கே.யும் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக ஐ.பி.எல். பட்டியலில் கடைசிக்குப் போனது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அந்த வீட்டோடு திரும்பிவிட்டார்கள். எங்கள் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை.

ஆக, 2025 கோடையில் எங்கள் அணிக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பெரிய கோரிக்கை வைத்திருந்தேன். எலானோ, மென்டோசா, வால்ஸ்கிஸ் என்று தங்கக் காலணி வாங்கிய மூன்று பேரைப் பார்த்த கண்கள் இவை. அந்த ரகத்தில் ஒரு ஸ்ட்ரைக்கர் வேண்டும். முன்னிலை எடுத்தபின் கடைசிக் கால்மணி நேரம் கதவைச் சாத்தத் தெரிந்த பின்களம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே தமிழ்ப் பையன்கள் வேண்டும். காரைக்குடிச் சிவசக்தி பெங்களூரு அணிக்கு ஆடி, 2022–23-ன் வளரும் வீரர் விருது வாங்கினார். சென்னை நந்தகுமார் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராகக் கோல் அடித்து, கொல்கத்தாவில் பாதி ஊரைத் தூங்கவிடாமல் செய்தார். வியாசர்பாடியில் சந்துக்குச் சந்து பந்து உருள்கிறது. பெயரில் சென்னையை வைத்திருக்கும் அணி இவர்களை வெளிமாநிலங்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திருப்பானேன்? எங்கள் ஓனர்களுக்கு இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி, தபால் தலையும் ஒட்டிவிட்டேன்.

அப்போதுதான் தாங்கள் குறுக்கே வந்தீர்கள்.

2025 ஜூலையில் லீக்கை நடத்திவந்த எஃப்.எஸ்.டி.எல். நிறுவனம், தங்களோடு போட்ட ஒப்பந்தம் டிசம்பர் 8-ல் முடிகிறது, அதற்குப் பின் என்ன என்று தெரியாமல் பருவத்தைத் தொடங்க முடியாது என்று நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் பெங்களூரு அணி சம்பளத்தை நிறுத்தியது. எங்கள் கிளப் முதல் அணியின் செயல்பாடுகளையே நிறுத்தியது. கூலி நின்றுபோவது என்றால் என்னவென்று பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ட்ரைக்கர் கேட்டவன் அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். அணி இருக்கிறதா என்று விசாரிக்கிற நிலைமையில், லெஃப்ட் பேக் சரியில்லை என்று யாரிடம் போய்ச் சொல்ல?

ஐயா, அந்த ஒப்பந்தம் போட்டது 2010-ல். பதினைந்து வருட ஒப்பந்தம். பத்தோடு பதினைந்தைக் கூட்டினால் இருபத்தைந்து என்று எங்கள் தெரு அங்கன்வாடிப் பிள்ளையும் சொல்லும். வருடத்துக்கு 50 கோடி ரூபாய் அந்தப் புண்ணியத்தில் வந்துகொண்டிருந்த வரை, காலண்டரைத் தாங்கள் சுவரின் பக்கம் திருப்பி மாட்டியிருந்தீர்கள் போலிருக்கிறது. கேட்டால், உச்ச நீதிமன்றத்தில் கூட்டமைப்பின் விதிமுறை பற்றிய வழக்கு இருந்தது, தீர்ப்புக்கு முன் கையெழுத்துப் போட முடியாது என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த வழக்கு 2017-லிருந்து அங்கேதான் இருந்தது. இடையில் 2022-ல் ஃபிஃபா தங்களைத் தடை செய்து, பதினைந்து நாளுக்குள் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அந்தக் குழப்பத்தில் கோகுலம் கேரளா மகளிர் அணி, ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரைக்கும் போய் ஆடாமலே திரும்பியது. பிறகு நடந்த தேர்தலில் பாய்ச்சுங் பூட்டியா போட்டியிட்டார். இந்தியக் கால்பந்துக்காக அவர் அடித்த கோல்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டு தங்கள் உறுப்பினர்கள் அவருக்கு வாக்களித்தார்கள்: மொத்தம் ஒன்று. எதிரில் 33.

வழக்கைப் பற்றிக் காஞ்சிபுரத்துக்காரனிடம் பேசும்போது கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். எங்கள் வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள வழக்கு வெள்ளைக்காரன் காலத்து வழக்கு. எந்தக் கோஷ்டி முன்னால் நிற்பது, எந்த வாழ்த்தைச் சொல்லித் தொடங்குவது என்று ஆரம்பித்து, யானைக்கு எந்த நாமம் இடுவது என்பது வரை கோர்ட்டுக்குப் போனதாக ஊரில் கதை உண்டு. தாத்தா தொடங்கிய வாதத்தைப் பேரன் தொடர்கிறார். தெருவிலேயே வாய்ச்சண்டை நடக்கும், நடுவில் போலீஸ் நிற்கும். ஆனால் வைகாசி கருட சேவையன்று விடியற்காலையில் பெருமாள் கருடன்மேல் ஏறி வெளியே வந்துவிடுவார். கொரோனாக் காலத்தை விட்டுவிடுங்கள். ‘இறுதித் தீர்ப்பு வரும்வரை உற்சவம் நிறுத்திவைக்கப்படுகிறது’ என்று வழக்கைக் காட்டி ஒருவரும் கோபுர வாசலில் பலகை மாட்டியதில்லை. பஞ்சாங்கத்தில் போட்ட நாள் போட்டதுதான். சச்சரவு செய்வதில் எங்களுக்கும் தங்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. உற்சவத்தை நடத்திக்கொண்டே சச்சரவு செய்யும் பழக்கம் மட்டும் தங்களுக்கு இன்னும் வரவில்லை. தேவையென்றால் வைகாசியில் வாருங்கள், பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். இட்லியும் கிடைக்கும்.

செப்டம்பரில் தங்கள் வழக்கில் தீர்ப்பு வந்தது. அக்டோபரில் லீக்குக்கு டெண்டர் விட்டீர்கள். வருடத்துக்குக் குறைந்தது 37.5 கோடி, பதினைந்து வருடத்துக்கு. நவம்பர் 7-ல் பெட்டியைத் திறந்தால் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. நூற்று நாற்பது கோடி ஜனம் உள்ள நாட்டில் முதல்தர லீக்கை ஏலம் விட்டு, கேட்க ஆள் வராத சாதனையை வேறு யாரால் செய்ய முடியும்?

விண்ணப்பமே வராத அலுவலகம் என்றும் சொல்லிவிட முடியாது. தேசிய அணிக்குக் கோச் தேடிய ஜூலையில், பார்சிலோனாவின் சாவியே விண்ணப்பித்திருப்பதாகத் தங்கள் தரப்பிலிருந்து சேதி வந்தது. அவர் கேட்கும் சம்பளம் கட்டுப்படியாகாது என்று விவாதமும் நடந்தது. கடைசியில் அந்த மின்னஞ்சல் நிஜமில்லை என்று தாங்களே அறிவித்தீர்கள். ஒரு கல்லூரிப் பையன் விளையாட்டுக்கு அனுப்பியது என்று செய்தி வந்தது. அந்தப் பையனுக்குத் தங்கள் அலுவலகத்தில் ஒரு வேலை போட்டுக் கொடுத்திருக்கலாம். அந்த மாதம் இந்தியக் கால்பந்தில் திட்டமிட்டபடி நடந்த காரியம் அது ஒன்றுதான்.

பணமில்லை என்றும் சொல்ல வேண்டாம். டிசம்பரில் மெஸ்ஸி வந்தார். கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில், ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் மெஸ்ஸியைச் சுற்றி நின்ற பெரிய மனிதர்களின் முதுகைப் பார்த்துவிட்டு, ஆத்திரத்தில் நாற்காலியைப் பெயர்த்து எறிந்தார்கள். அவர் ஆடக்கூட இல்லை, நடந்தார். உலக சாம்பியன் நடப்பதைப் பார்க்கக் கோடி கோடியாகப் பணம் திரண்ட அதே மாதத்தில், ஓடுகிற நம் பையன்களுக்கு எந்தத் தேதியில் ஓட வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. தேசிய அணி அதற்கு முந்தின மாதம்தான் டாக்காவில் வங்கதேசத்திடம் தோற்றிருந்தது. அதற்கும் முன்பே, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பைச் சிங்கப்பூரிடம் கோவாவில் தொலைத்திருந்தோம். சுனில் சேத்ரி, குர்பிரீத், ஜிங்கன் போன்றவர்கள் ஜனவரியில் வீடியோ போட்டு, ‘இந்தியக் கால்பந்தைக் காப்பாற்றுங்கள்’ என்று ஃபிஃபாவிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று. ஓய்வு பெற்று, தேசிய அணி அழைத்ததால் திரும்பி வந்த சேத்ரிக்கு நாற்பது வயதுக்கு மேல் இந்த வேலையுமா?

இப்போது மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் அறிவித்திருக்கிறார். பிப்ரவரி 14-ல் லீக் தொடங்கும், பதினான்கு அணிகள், 91 ஆட்டங்கள். சென்ற பருவத்தில் ஆளுக்கு 24 ஆட்டம் ஆடியவர்கள் இந்த முறை 13 ஆடுவார்கள். கேரளா பிளாஸ்டர்ஸை ஒருமுறைதான் சந்திப்போம். எங்கள் ஊரில் தோற்றால் அவர்கள் ஊரில் போய்ப் பழிதீர்க்க வழி கிடையாது. பாதிச் சாப்பாடு என்றாலும் இலை போட்டதற்கு நன்றி. காதலர் தினத்தில் தொடங்குகிறீர்கள். இந்த அணியைக் காதலிக்கிறவனுக்கு அது பொருத்தம்தான்.

எங்கள் அணியின் நிலையையும் தெரிவித்துவிடுகிறேன், கோப்பில் இருக்கட்டும். புதிய கோச் கிளிஃபோர்ட் மிராண்டா. அக்டோபரில் கோவாவில் நடந்த சூப்பர் கோப்பையில் மோகன் பகானிடம் இரண்டு, ஈஸ்ட் பெங்காலிடம் நான்கு வாங்கினோம், பதிலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஸ்ட்ரைக்கர் இன்னும் வேண்டும்.

மனுவின் முக்கியப் பகுதிக்கு வருகிறேன். 2026–27 பருவத்தின் தேதிகளை ஜூன் மாதத்துக்குள் அச்சிட்டு வெளியிடுங்கள். ஏழரை மணி ஆட்டம் முடிந்து, பெரியமேட்டிலிருந்து கோயம்பேடு போய், பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நான் ஊர் சேர நள்ளிரவு கடந்துவிடும். மறுநாள் தறியில் உட்கார முடியாது. எந்த வாரம் எந்தச் சேலையை ஒப்புக்கொள்வது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் பிழைப்பும் நடக்கும், அரங்கில் பி ஸ்டாண்டும் நிறையும். லீக் யார் கைக்குப் போனாலும் வீரர்களின் சம்பளத்துக்கு ஓர் உத்தரவாதம் எழுதி வாங்குங்கள். இன்னொன்று, 2018–19-ல் ஐ-லீக்கை வென்றது கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி. நாட்டின் இரண்டு லீக்கில் ஒன்றை ஜெயித்த அணியை மேலே ஏற்றிவிட அப்போது தங்கள் சட்டத்தில் இடமில்லை. இரண்டு பருவம் கழித்து ஐ-லீக்கிலும் அதற்கு இடமில்லாமல் போனது, இன்றைக்கு அந்த அணியே இல்லை. இன்னொரு தமிழ்நாட்டு அணிக்கு அந்தக் கதி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறெதுவும் கேட்கவில்லை. கோப்பை வாங்கித் தரச் சொல்லவில்லை, நல்ல நடுவரைக்கூடக் கேட்கவில்லை. தேதியைச் சொல்லுங்கள், பந்தை உருட்டுங்கள். தோற்பது, கோச்சை மாற்றுவது, எட்டாமிடம் பிடிப்பது எல்லாவற்றையும் எங்கள் அணி பார்த்துக்கொள்ளும். திட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும் ரசிகன்,
காஞ்சிபுரம்.