மூலையில் யார்?

கேள்வி: பாட்டுக் கேட்க 10க்கு 12 அடி அறை ஒன்றை ஒதுக்கியிருக்கிறேன். ஹோர்ன் (கொம்பு) ஸ்பீக்கர் ஆசை. கிளிப்ஷோர்ன் நல்லதா, ஹெரசி நல்லதா?
– வாசகர், கம்பளை

பதில்: திருவிழாவுக்குக் கமுகில் கட்டும் கூம்புக் குழாயும் இதே சாதிதான். அது ஊருக்கு, உங்களுக்கோ ஓர் அறைக்கு.

1946இல் வந்த கிளிப்ஷோர்னுக்கு உங்கள் சுவர்மூலைதான் கொம்பின் கடைசிப் பகுதி. ஆகவே இரண்டு மூலைகள் காலியாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் ஒன்றில் அலுமாரி, மற்றதில் சாமிப்படம். யாரை எழுப்புவது? தள்ளி உட்கார இடமும் வேண்டும். இல்லையேல் தாளம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

சின்னக் கொம்பில் தவில் அதிராது. அலைநீளம் கூடக் கூடக் கொம்பும் பெருக்க வேண்டும்; 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே எட்டரை மீற்றர். உங்கள் அறையை விட நீளம்! அதனால்தான் 1957இல் பிறந்த ஹெரசியில் அடித்தொனிக்குக் கொம்பில்லாத பெட்டி, மேலே உள்ளவற்றுக்கு மட்டும் கொம்பு. பெயருக்கே ‘மதத்துரோகம்’ என்று பொருள். துரோகமானாலும் அறைக்குள் அடங்கும்.

பெரிய அம்பிளிபயருக்குக் காசைக் கொட்டாதீர்கள். கொம்புக்கு ஓரிரு வாட்டே தாராளம். அதற்கே அயல்வீட்டு நாய் எழும்பிவிடும். ஹெரசியை வாங்குங்கள். மழைக்காலத்தில் ஈரச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.