கைவிடப்பட்ட மருத்துவமனையைப் படமெடுக்கும் முறை

அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை என்று நீளும் ரயில் பாதையிலேயே போனால் பங்காருப்பேட்டை வரும். அங்கிருந்து பிரியும் கிளைப்பாதை மாரிக்குப்பத்தில் முடிகிறது. அதுதான் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே சுரங்கத் தொழிலில் இறங்கிய பிறகு, வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் பிழைக்கப் போயின. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறை உடைத்தார்கள். அவர்களுக்கென்று ஒரு கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தது. பிற்காலத்தில் அந்தச் சுரங்கங்களை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டதும் அந்த ஆஸ்பத்திரியும் பூட்டிக்கொண்டது.

இத்தகைய கட்டடங்களைத் தேடி இன்று கேமராக்கள் போகின்றன. உரிந்த சுண்ணாம்பு, துருப்பிடித்த கட்டில், ஜன்னலுக்குள் நுழைந்த ஆலங்கன்று என்று படங்கள் குவிகின்றன. அழகான படங்கள்தாம். ஆனால் மருத்துவமனை என்பது பாழடைந்த அரண்மனை அல்ல. அங்கே படுத்தவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இங்கே யாருக்கு என்ன நோய் பார்த்தார்கள், அவர்கள் இப்போது எங்கே போகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதே படமெடுப்பவரின் முதல் கடமை. மற்ற விதிகள் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

முதல் விதி: முழுமையை எடுத்த பிறகே நுணுக்கத்துக்குப் போக வேண்டும். கட்டடக்கலை பயின்ற கிறிஸ்டோபர் பெய்ன் ஆறு ஆண்டுகளில் அமெரிக்காவின் 30 மாநிலங்களில் 70 மனநல மருத்துவமனைகளுக்குப் போய்ப் படமெடுத்தார். அவற்றை 2009இல் நூலாக்கினார். அப்படிப்பட்ட கண் நமக்கும் வேண்டும். கட்டடத்தை நான்கு புறமும் எடுக்க வேண்டும். வார்டுகள் எந்தத் திசை பார்க்கின்றன, காற்று எப்படி வந்து போனது, பிரசவ அறைக்கும் அறுவை அறைக்கும் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் படத்தில் தெரிய வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் அறையின் பயனையும் எடுத்த தேதியையும் எழுத வேண்டும். அங்கே வேலை பார்த்த நர்ஸோ வார்டு பாயோ உடன் வந்தால், பெயர்ப்பலகை இல்லாத அறைக்கும் அடையாளம் கிடைத்துவிடும்.

இரண்டாம் விதி: அந்த ஆஸ்பத்திரியே எடுத்துவைத்த படங்களை மதிக்க வேண்டும். எக்ஸ்ரேயும் ஒரு புகைப்படம்தான். பாறையைத் துளைக்கும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிறது. அதுவே சிலிகோசிஸ். இந்தியாவில் இந்நோய் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது 1947இல், கோலார் தங்கச் சுரங்கங்களில்தான். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் இந்நோய் தலைகாட்டும், முற்றும். அப்போது இழப்பீடு கேட்டு நிற்கும் முதியவருக்குப் பழைய எக்ஸ்ரே தகடு ஒரு சாட்சி. ஆகவே தரையில் சிதறிக் கிடக்கும் தகடுகளையும் பதிவேடுகளையும் காலால் ஒதுக்கி ‘காட்சி’ அமைப்பது பெரும்பிழை. அவை எந்த அறையில் எந்த நிலையில் கிடக்கின்றன என்பது தெரியும்படி எடுக்கலாம். நோயாளியின் பெயர் படத்தில் விழக் கூடாது. எடுத்த பின் உரிய அதிகாரிக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

மூன்றாம் விதி: எதையும் தொடவோ எடுத்து வரவோ கூடாது. பிரேசிலின் கோயானியா நகரில் ஒரு கதிரியக்கச் சிகிச்சை நிலையம் இடம் மாறியபோது, ஒரு கருவியை அப்படியே விட்டுப்போனது. 1987 செப்டம்பரில் இருவர் அதன் பாகத்தைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே இருந்த சீசியம்-137 இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாயிருக்கிறதென்று பலரும் பகிர்ந்துகொண்டார்கள். ஆறு வயதுச் சிறுமி உட்பட நான்கு பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு வந்த கோபால்ட்-60ம் ஓர் உயிரைக் குடித்தது. சாதாரண எக்ஸ்ரே இயந்திரம் மின்சாரம் இல்லாதபோது கதிர் வீசாது. புற்றுநோய்க்கான கோபால்ட், சீசியம் கருவிகள் ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கும். மூவிதழ்க் கதிர்க் குறியைக் கண்டால் கேமராவோடு திரும்பிவிட வேண்டும்.

நான்காம் விதி: கட்டடத்துக்கு மரணச் சான்றிதழ் எழுதும் உரிமை படமெடுப்பவருக்கு இல்லை. 2021இல் கோவிட் இரண்டாம் அலையில் படுக்கை கிடைக்காமல் ஊரே தவித்தபோது, இருபது ஆண்டுகள் பூட்டிக் கிடந்த அந்தத் தங்கவயல் ஆஸ்பத்திரியைத் தன்னார்வலர்கள் கூட்டிப் பெருக்கினார்கள், வெள்ளையடித்தார்கள், கட்டில் போட்டார்கள். சில வாரங்களுக்குள் அது கோவிட் சிகிச்சைக்குத் தயாரானது. கூரை எது தாங்கும், சுவர் எங்கே விரிசல், தண்ணீர்த் தொட்டி எங்கே என்று காட்டும் ஒரு படத்தொகுதி அப்படிப்பட்ட நாளில் பெரிய உதவி. எனவே ஒரு பிரதி உள்ளாட்சி அலுவலகத்துக்கும், இன்னொன்று அங்கே வேலை பார்த்தவர்களின் சங்கத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

ஒரு மருத்துவமனை மூடப்படும்போது அதன் நோயாளிகள் காணாமல் போவதில்லை, தொலைவுக்குத் தள்ளப்படுகிறார்கள். ஆகவே படத்தின் கீழே அது மூடப்பட்ட தேதியோடு, அடுத்த ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, அங்கே போக என்ன பஸ் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.