கடல்கட்டிக்கு உரிமம் வேண்டி

பெறுநர்: தலைவர் அவர்கள், பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியம் (செபி), மும்பை.
பொருள்: பங்குச்சந்தைச் சுறாக்களின் வாயைக் கட்ட அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

சந்தை சரியும்போதெல்லாம் "பதறாதீர்கள், நீண்டகாலம் பாருங்கள், மாதாந்திர எஸ்ஐபி முதலீட்டை நிறுத்தாதீர்கள்" என்று ஓதும் ஆலோசகர்கள் பெருகிவிட்டார்கள். இது எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையின் பழைய தொழில். ஆகவே உரிமத்தில் எங்களுக்கு முன்னுரிமை வேண்டும்.

முத்துக்குளிப்புக் காலத்தில் இங்கே கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. அவர் ஓதாமல் குளிகாரர்கள் இறங்க மாட்டார்கள். 13-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மீனைக் கட்டுவோரின் கூலியையும் எழுதிவைத்திருக்கிறார்: எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 சதவீதம். தங்கள் விதிப்படி சதவீதக் கணக்கில் வாங்கும் ஆலோசகருக்கு ஆண்டுக்கு 2.5 சதவீதம்தான் உச்சவரம்பு. பாதிக்குப் பாதி. சம்மதம். ஆனால் ஒன்று, எங்களவர் எடுத்த முத்தில் பங்கு கேட்டார். முத்து இல்லையென்றால் அவருக்கும் வெறுங்கைதான். தங்களவர் முதல் கரைந்தாலும், கரைந்தது போக மிச்சத்தில் சதவீதம் எடுப்பார்.

வேலைநேரமும் பொருந்தி வருகிறது. மந்திரம் பகலுக்கு மட்டும். அந்தியானால் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். இரவில் எவனும் திருட்டுத்தனமாக இறங்கக் கூடாதல்லவா? தங்கள் சந்தையும் 3.30-க்கு மூடுகிறது. அதன்பின் சுறா அமெரிக்காவில் விடிய விடிய மேய்கிறது.

மந்திரம் பலிக்குமா என்று அதிகாரிகள் கேட்பார்கள். 2024-இல் தாங்களே வெளியிட்ட ஆய்வு: ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம்; மூன்று நிதியாண்டுகளில் 1.8 லட்சம் கோடி ரூபாய். நூற்றுக்கு 93 குளிகாரரைச் சுறா கடித்திருந்தால் கடல்கட்டியையே பிடித்துக் கடலில் தள்ளியிருப்பார்கள்.

ஒரே ஒரு சந்தேகம். நீண்டகாலம் என்றால் எத்தனை வருஷம்? எங்கள் பக்கம் 1926 முதல் 1928 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அடுத்தது 1955-இல். 1961-இல் முடிந்தது, இன்றுவரை அடுத்தது இல்லை. அத்தனை காலமும் குளிகாரர் பதறாமல் கரையில் உட்கார்ந்திருந்தாரா? சங்கு குளிக்கப் போனார். அடுப்பு எரிந்தது சங்கில். முத்துக்குக் காத்திருக்கும் தெம்பும் அங்கிருந்துதான் வந்தது.

23 மார்ச் 2020 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,935 புள்ளி விழுந்தது. அடுத்த ஜனவரியில் 50,000-ஐத் தொட்டது. கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர் பிழைத்தார், மறுக்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்த வாரமே விற்றாக வேண்டியிருந்தவருக்கு எந்த மந்திரம்? எங்கள் உப்பளத் தொழிலாளிக்கு ஐப்பசி மழை இறங்கினால் வேலை நிற்கும். அவரைப் பொறுத்தவரை நீண்டகாலம் என்பது தை பிறக்கும் வரை.

எனவே உரிமத்தில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டுகிறோம்: "பதறாதே" என்று சொல்லுமுன், வீட்டில் ஆறு மாதத்துக்கு அரிசி, மருந்து, வாடகைக்குப் பணம் தனியாக இருக்கிறதா என்று ஆலோசகர் கேட்டாக வேண்டும். இல்லையென்றால் முதலில் அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும், கட்டணம் வராவிட்டாலும்.

இப்படிக்கு,
கடல்கட்டி வேலைக்கு மனு போட்டவன்,
தூத்துக்குடி.

இணைப்பு: விண்ணப்பக் கட்டணக் காசோலை. இன்றைக்குக் கணக்கில் பணம் இல்லை. தாங்கள் பதறாமல், நீண்டகால நோக்கில் மாற்றிக்கொள்ளவும்.