கடைமடைக் கசிவு: ஹீட்டர் ஒழுக்கு பற்றிய ஓர் ஆய்வு

காரின் ஹீட்டர் என்பது இன்ஜின் பாசனத்தின் கடைமடை. ரேடியேட்டருக்குப் போகும் தடித்த ஹோஸைக் காவிரி என்று கொண்டால், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் காயிலுக்குப் போய்த் திரும்பும் இரண்டு மெல்லிய ஹோஸ்களில் ஒன்று வாய்க்கால், மற்றது வடிகால். நடுவில் தெர்மோஸ்டாட் என்னும் மதகு. கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டும்வரை அது ரேடியேட்டர் பக்கம் திறப்பதில்லை. ஹீட்டர் வாய்க்காலோ பெரும்பாலான கார்களில் மதகுக்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. அதனால் சாவி திருகியதுமே கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று வேதாரண்யம் பக்கத்தில் காத்துக் கிடப்பவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தலான செய்திதான்.

கேட்காத வயலுக்குப் பாயும் தண்ணீர் இது. தஞ்சாவூரில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும்; அந்தக் குளிருக்குக் காதைச் சுற்றி ஒரு துண்டு போதும். தெற்கே ஓடிய அம்பாசிடர்களில் ஹீட்டரைக் காண்பது அரிது. ஏசியோடு வந்த மாருதி 800, ஜென், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து புறப்பட்ட சான்ட்ரோ ஆகியவையே டெல்டாவுக்குள் ஹீட்டரைக் கொண்டுவந்தன. அதன் சிவப்புத் திருகியை ஒரு தடவையும் தொடாமல் இருபது ஆண்டுகள் வண்டி ஓட்டியவர்கள் கும்பகோணத்தில் உண்டு. காயில் அப்படிச் சும்மா இருப்பதில்லை. தண்ணீர் ஓடுகிற வரையில் அது அரித்துக்கொண்டேதான் இருக்கும்.

ஒழுக்கின் முதல் அடையாளம், இடப்பக்க முன்னிருக்கையின் காலடியில் மிதியடி ஈரமாவது. இதற்குக் குடும்பத்தில் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: மழை, தூக்குச் சட்டியிலிருந்து சிந்திய ரசம், ஏசித் தண்ணீர். கதவு ரப்பரைப் பார்த்தால் மழை விடுபடும், முகர்ந்தால் ரசம் விடுபடும். மிஞ்சும் ஏசித் தண்ணீரைக் கண்டுபிடிக்க விரல் போதும். ஏசித் தண்ணீருக்கு நிறமும் மணமும் இல்லை, தொட்டால் வழுக்காது. கூலன்ட் பிசுபிசுக்கும், பச்சையாகவோ சிவப்பாகவோ கறை விடும், பாகு காய்ச்சுவதுபோல இனிப்பாக மணக்கும். முன்கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம்போல மூடிக்கொண்டால் வழக்கு முடிந்தது. அந்த இனிப்பு எத்திலீன் கிளைக்காலின் குணம், அது நஞ்சு. சுவைக்கு மயங்கித் தெருநாய் நக்கிவிடும் என்பதால், வடித்த கூலன்டை வாசலிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது.

காரணம் பெரும்பாலும் போர் தண்ணீர். கூலன்ட் குறையும்போதெல்லாம் ஊரில் கிடைத்த உப்புத் தண்ணீரை ஊற்றி நிரப்புவது வழக்கம். உப்பு காயிலின் நுண்குழாய்களில் படிந்து தூர்க்கிறது. அரிப்பைத் தடுக்கும் மருந்தும் நீர்த்துப்போகிறது. கடலோரத்துக்குப் போகப் போக இந்த வேலை சுருக்காக முடிகிறது. சில சமயம் காயில் நன்றாகவே இருக்கும், ஹோஸ் வாயில் கிளிப்தான் தளர்ந்திருக்கும். டேஷ்போர்டைப் பிரிக்கும் முன் அதைப் பார்ப்பது நலம். பிரித்த டேஷ்போர்டு பழையபடி பொருந்தியதாகக் கேள்வியில்லை.

பரிகாரத்தில் பழமையானது மஞ்சள் மரபு. ரேடியேட்டரில் ஒரு பிடி மஞ்சள்தூளைப் போட்டால் அது ஊறி, ஓட்டையில் போய் அடைக்கும். அடைக்கவும் செய்கிறது. ஆனால் ஓட்டை எது, குழாய் எது என்ற பேதம் மஞ்சளுக்குத் தெரியாது. பாபநாசத்தில் நின்றுபோன வண்டியைத் தஞ்சாவூர் சேர்ப்பது வரைக்குமே இதற்கு மரியாதை.

டெல்டா மெக்கானிக்குகளின் தீர்ப்பு பைபாஸ். இன்ஜின் ஆறிய பிறகு இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் காயிலிலிருந்து கழற்றி, ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்துக் கிளிப் போட்டுவிடுவார்கள். கடைமடைக்கு முந்தைய ஊரிலேயே வாய்க்காலை வடிகாலில் திருப்பிவிடும் வேலை. வயலில் செய்தால் வெட்டுக்குத்தில் முடியும். ஹோஸ்களைத் தனித்தனியே அடைப்பதைவிட இப்படி வளைத்து விடுவதே மேல், ஏனெனில் சில இன்ஜின்களுக்கு இந்தச் சுற்றோட்டம் தேவை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. டெல்டாவில் ஹீட்டருக்கு ஒரே ஒரு பயன், அதுவும் சித்திரை வெயிலில். வெளியே 37 டிகிரி, ரயில்வே கேட்டில் நெல் லாரிக்குப் பின்னால் நிற்கும்போது சூட்டு முள் சிவப்பை நோக்கி ஏறினால், ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுக்கத் திறந்து, ஃபேனை முழு வேகத்தில் விட வேண்டும். காயில் சின்ன ரேடியேட்டராகி இன்ஜின் சூட்டை உள்ளே கொட்டும். ஹெட் கேஸ்கட் பிழைக்கும், உள்ளிருப்பவர்கள் வேகுவார்கள். பைபாஸ் செய்த காரில் இந்த வசதி கிடையாது. அந்த ஓரிரு நாளுக்காகப் புதுக் காயில் போடுவதா என்பது, பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்காக வடிகாலைத் தூர்வாருவதா என்ற கேள்வியின் தம்பி. வண்டியை இன்னும் ஐந்து வருடம் வைத்திருப்பவர் காயிலை மாற்றுவதே சரி. விற்கப்போகிறவர் பைபாஸ் செய்திருப்பதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எந்த வழியானாலும் கூலன்டை, உப்பு நீக்கிய தண்ணீரோடு சரிபாதி கலந்து மெதுவாக ஊற்ற வேண்டும். புதுக் காயிலானால் ஹீட்டர் திருகியைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து நிரப்ப வேண்டும். இல்லையேல் காற்று அடைத்துக்கொள்ளும். பிறகு ஒரு வாரம், செய்தித்தாளில் மேட்டூர் நீர்மட்டம் பார்த்த கையோடு, ஆறிய இன்ஜினின் ரிசர்வ் டப்பாவிலும் நீர்மட்டம் பார்க்க வேண்டும். அது இரண்டு கோடுகளுக்கு நடுவே அசையாமல் நின்றால் மிதியடியை வெயிலில் காயப்போடலாம்.