சுடாதவருக்கும் கட்டணம் உண்டு

கிரெடிட் கார்டு பில் வந்ததிலிருந்து வீட்டில் யாரிடமும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ‘அப்சர்வர் ஃபீ’ என்று ஒரு வரி. வேட்டையை வேடிக்கை பார்த்ததற்குக் கட்டணமாம். துப்பாக்கியைத் தொடவில்லை, தோட்டா வாசனைகூடப் பிடிக்கவில்லை. “தியேட்டர்ல சும்மாவா பார்க்க விடுவாங்க?” என்றாள் மனைவி. தியேட்டரில் திரையில் ஏதாவது ஓடும்.

டெக்சஸில் ஏறக்குறைய 95 சதவீத நிலம் தனியார் கையில் இருக்கிறது. வேட்டை ஆசை வந்தவன் ஏதாவது ஒரு ராஞ்சுக்காரர் கேட்டில் காசு கட்டித்தான் ஆகவேண்டும். அதில் எனக்குப் புகார் இல்லை. அவர் நிலம், அவர் கேட். புகாரெல்லாம் பன்றி விஷயத்தில்தான். காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது, மண்ணைக் கிளறுகிறது, வேலியைப் பிய்க்கிறது என்று மாநிலம் முழுக்க ஒரே ஒப்பாரி. காசு கட்டி ஹெலிகாப்டரில் ஏறி அதைச் சுடலாம் என்று 2011-ல் ஒரு சட்டம். 2017-ல் வெப்பக்காற்று பலூனிலிருந்தும் சுடலாம் என்று இன்னொன்று. 2019 முதல் நிலக்காரர் சம்மதித்தால் பன்றிக்கு லைசென்ஸே வேண்டாம். இவ்வளவு தொல்லை பிடித்த பிராணியை ஒழித்துக்கொடுக்க, சொந்தப் பெட்ரோலில் நாலு பேர் வருகிறோம். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துச் செருப்புத் தேய்ந்த நம்மூர் விவசாயியாக இருந்தால் திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்திருப்பார். இவர் தலைக்கு இவ்வளவு என்று முன்பணம் கேட்கிறார். கூடவே நாலு பக்கத்துக்கு ஒரு படிவம்: பாம்பு கடித்தாலும், இடி விழுந்தாலும், ஏணி முறிந்தாலும் நாமே பொறுப்பு. (பாம்பு என்றதும் நினைவுக்கு வருகிறது, நான் சொல்ல வந்ததே அந்தப் பாம்புக் கதைதான். வருகிறேன்.)

ஏற்பாடெல்லாம் திருநெல்வேலி மாப்பிள்ளை. “அண்ணே, நீங்க சும்மா உக்காந்து பாத்தா போதும்” என்றான். அந்தச் சும்மாவின் விலைதான் இப்போது பில்லில் இருக்கிறது.

உட்கார வைத்த இடத்துக்கு ‘பிளைண்ட்’ என்று பெயர். நாலு கால் மேல் நிற்கும் பெட்டி. உள்ளே சுடுகிறவர்களுக்குச் சுழல் நாற்காலி, அப்சர்வருக்குக் கவிழ்த்த பக்கெட். ஜன்னல் விளிம்பில் பழைய கார்ப்பெட்டைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள், துப்பாக்கி உரசிச் சத்தம் வராமலிருக்க. மூலையில் செத்த குளவிகள். எதிரே, கொஞ்ச தூரத்தில், முக்காலி மேல் ஒரு டிரம். டிரம்முக்கு அடியில் மோட்டார், மோட்டாருக்கு டைமர். சரியாக ஆறு மணிக்கு அது உறுமிச் சோளத்தைச் சுற்றிலும் விசிறியடிக்கும். இதைத்தான் விளம்பரத்தில் ‘கலப்படமில்லாத காட்டு அனுபவம்’ என்று போட்டிருந்தார்கள்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வெள்ளைவால் மான்கள் வந்து டிரம்மைப் பார்த்து நின்றன. மான் சீசன் முடிந்திருந்தது. அது எங்களுக்குத் தெரிந்ததைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பின்னாலேயே, உடம்பெல்லாம் புள்ளியுடன், சாட்சாத் நம்ம கிண்டி மான் ஒன்று வந்தது. “அண்ணே, நம்மாளு!” என்றான் மாப்பிள்ளை, விலைப்பட்டியலைப் பிரித்தபடியே.

புள்ளிமானையும் வெளிமானையும் 1932-ல் டெக்சஸுக்குக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டுச் சரக்கு என்பதால் அவற்றுக்குச் சீசன் கிடையாது. பணமிருந்தால் வருஷம் முழுக்கச் சுடலாம். ஜோத்பூர் பக்கம் 1998-ல் வெளிமானைச் சுட்ட வழக்கில் சல்மான் கானுக்கு 2018-ல் ஐந்தாண்டுத் தண்டனை விதித்தது கோர்ட். அவர் அப்பீலுக்குப் போனார். இங்கே அதே மானுக்கு ரசீது தருகிறார்கள். ஆண் மானுக்கு ஒரு விலை, பெண் மானுக்கு அதைவிடக் குறைவு. கொம்பு முப்பது அங்குலத்தைத் தாண்டினால் வேறு விலை. ரத்தம் ஒரு சொட்டு விழுந்தால் முழு விலை, மான் பக்கத்து ராஞ்சுக்கு ஓடிப்போய்ச் சௌக்கியமாக இருந்தாலும்.

நான் பக்கெட்டில் உட்கார்ந்தபடி கிண்டிக்கு விலை போட ஆரம்பித்தேன். பூங்காவில் மேய்வது ஒரு தொகை. பக்கத்தில் ராஜ்பவன் புல்வெளியில் நிற்பது தனி. கவர்னர் மாளிகை மான் என்று பத்து சதவீதம் கூடப் போடலாம். ஐ.ஐ.டி. வளாகத்தில் திரிவது படித்த மான், அதற்கும் ஒரு பிரீமியம். பிளாஸ்டிக் பை தின்றவற்றுக்குத் தள்ளுபடி. கோடியக்கரை வெளிமான்களை மொத்த வியாபாரத்தில் சேர்த்தேன். சின்ன வயதில் கம்பி வலை வழியே ஓசியில் பார்த்ததற்கெல்லாம் இவர்கள் ஊர் ரேட்டில் அப்சர்வர் ஃபீ போட்டால் என்ன ஆகும்? என் அப்பா, சித்தப்பா, பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை அழைத்துப்போன பி.டி. வாத்தியார் எல்லோரும் கடனாளிகள். டாலரை ரூபாயாக்கிப் பெருக்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை முழங்கையால் இடித்தான். வாய்விட்டுக் கணக்குப் போட்டிருக்கிறேன். புள்ளிமான் நிமிர்ந்து பார்த்தது, அவசரப்படாமல் நடந்து போனது. எப்படியும் அதை வாங்க எங்களுக்கு வக்கில்லை.

பன்றி வரவில்லை. “பத்து மணி வரைக்கும் காசு கட்டியிருக்குண்ணே” என்று மாப்பிள்ளை எழுந்திருக்க மறுத்துவிட்டான். பஃபேயில் மூன்றாவது தட்டு எடுப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருட்டில், கொசுக்கடியில், எல்லோரும் பத்து மணி வரை கொடுத்த காசை வசூல் செய்தோம். பாம்பு வந்தது இதற்கிடையில்தான். அதற்கு முன் டிப்ஸ் சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கேட்டில் ராஞ்சுக்காரர் காத்திருந்தார். கையில் வழிகாட்டிக்கான டிப்ஸ் கவர். பிக்கப்பில் கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவர்தான் வழிகாட்டி. அதையும் கொடுத்தோம். அதன்பிறகு கணக்குச் சீட்டில் சோளத்துக்கென்று தனியாக ஒரு தொகை. மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. “பன்றியே வரலை சார், சோளக் காசையாவது கழிச்சுக்குங்க” என்றான், அவனுக்குத் தெரிந்த அத்தனை மரியாதையான இங்கிலீஷிலும்.

“சோளம் காலியாகிவிட்டதே” என்றார் அவர்.

“யார் தின்னாங்க?”

“மான் தின்னும், ரக்கூன் தின்னும். அதுங்க தினமும் வரும்.”

“அதுங்ககிட்ட என்ன வாங்குறீங்க?”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, கார்டா ரொக்கமா என்று கேட்டார்.