அது ஃப்ளூட் இல்லை, தம்பி

போன வாரம் மாங்காட்டில் ஒரு ரிசப்ஷன். குன்றத்தூர் சாலையில் மண்டபம், மேடையில் லைட் மியூசிக். எண்பதுகளின் பாட்டு ஒன்றை எடுத்தார்கள். எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அதை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள், நான் எழுதுவதை யார் படிப்பது? அதன் இரண்டாவது இடையிசையில் காற்றும் கண்ணாடியும் கலந்த மாதிரி ஒரு கீபோர்டு டோன் வருமே, அந்த இடத்தில் பையன் சாதா ஃப்ளூட் டோனைப் போட்டு ஊதித் தள்ளிவிட்டான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேடையோரம் போய்ச் சொன்னேன். "பப்ளிக்குக்கு எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றான். அவன் முன்னால் இருந்த கீபோர்டில் நூற்றுக்கணக்கில் டோன் இருக்கிறது. ஒன்றைத் தேடி எடுக்க விரல் வலிக்கிறது.

அது எந்தக் கருவி, அந்த ஓசையை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் யமஹா டிஎக்ஸ்-7 பற்றி இரண்டு வார்த்தை.

1983-ல் வந்த கீபோர்டு. ஒரு அலையை இன்னொரு அலையால் குலுக்கினால் புது ஓசை பிறக்கும் என்று ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-ல் கண்டுபிடித்த வித்தைதான் அதன் வயிற்றில் இருப்பது. அலை எழுப்பும் ஆபரேட்டர் ஆறு, அவற்றை இணைக்க 32 விதம். டோனைத் திருத்துவதற்கு இருந்ததோ இரண்டே வரி காட்டும் குட்டித் திரை. அதனால் உலகத்தில் முக்கால்வாசிப் பேர் கம்பெனி போட்டுக்கொடுத்த டோனையே வாசித்தார்கள். அதில் ஒரு எலக்ட்ரிக் பியானோ. மெதுவாகத் தொட்டால் குழைகிறது, அழுத்தி அடித்தால் நுனியில் ஒரு "டிங்". அந்த டிங்கைக் கேட்டுவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஷேர் ஆட்டோவில் கேட்டால் ஓட்டுநரிடம் சொல்வேன். சலூனில் கேட்டால் கத்தி கழுத்தில் இருக்கும்போதே சொல்வேன். பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் கேட்டபோது, வாய் மரத்திருந்ததால், கையால் காட்டினேன்.

அந்த டிங் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஆறு ஆபரேட்டரும் மூன்று ஜோடி. இரண்டு ஜோடி மயிரிழை சுருதி விலகி நின்று உடம்பைத் தருகின்றன. மூன்றாவது ஜோடியில் குலுக்குகிற அலை 14 மடங்கு வேகத்தில் அதிர்கிறது. அந்தப் பதினாலுதான் டிங். லேப்டாப்பில் இதே கருவியை மென்பொருளாக ஏற்றி வைத்திருக்கிறேன். அந்தக் குலுக்குகிற அலையின் அளவை 58-ல் வைத்தால் டிங் முன்னால் வந்து நிற்கிறது, 57-ல் வைத்தால் பின்னால் ஒளிகிறது. "ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்கிறாள் மனைவி. காது இருக்கிறவர்களிடம் சொல்லலாம். ஒரு நாள் ராத்திரி அந்த 14-ஐ 13.52 ஆக்கிப் பார்த்தேன். முழு எண்ணை விட்டு விலகினால் ஓசை வெண்கலமாகிவிடும். பக்கத்து அறையில் மாமியார் எழுந்து உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சொல்ல வந்தது அதுவல்ல. நாம் ஏன் இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது? அந்தக் காலத்து காசெட் அட்டையில் இசையமைப்பாளர் இருப்பார், பாடலாசிரியர் இருப்பார், பாடியவர்கள் இருப்பார்கள். கீபோர்டு வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. இளையராஜாவின் பாட்டுகளில் எத்தனையோ கீபோர்டு விஜி மானுவல் கை. அந்தக் கையை எத்தனை அட்டையில் பார்த்தீர்கள்? 1986-ல் 'புன்னகை மன்னன்' வந்தபோது கம்ப்யூட்டர் மியூசிக் என்று ஊரே பேசியது, மனுஷனே வேண்டாம் போலிருக்கிறது என்கிற மாதிரி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்களைப் பற்றி யார் கேட்டார்கள்? வாத்தியக்காரர்கள் பெயரை ஒழுங்காக அச்சடிக்கும் வழக்கமே ரஹ்மான் ஆல்பங்களோடுதான் ஊன்றியது.

அட்டை சொல்லாததை நாமே கண்டுபிடிக்கலாமென்றால், நாம் கேட்டு வளர்ந்ததோ காமாட்சி அம்மன் கோயில் ஆடி மாதத்துக் குழாய் ஸ்பீக்கரில். குழாயில் கீழ் ஸ்தாயி வராது. அந்தப் பாட்டுகளில் பேஸ் கிடார் என்று ஒன்று இருப்பதே ஹெட்ஃபோன் வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரியும்.

சரி, அந்த இடையிசை. அம்பத்தூர் நண்பன் ஒருவன், அது ரோலண்ட் டி-50 என்று சத்தியம் செய்கிறான். டி-50-ன் தந்திரம் அழகானது. மெமரி விலை தங்கமாக இருந்த காலம். ஓசை துவங்கும் அந்தத் துளி நேரத்தை வைத்துத்தான் காது கருவியை அடையாளம் காண்கிறது என்பதால், அந்தத் துளியை மட்டும் நிஜமாகப் பதிந்து வைத்து, மீதியைச் செயற்கையாக ஒட்டினார்கள். தலை நிஜம், உடம்பு டூப். எல்லாம் சரி, ஆனால் டி-50 வந்தது 1987. படம் 1986. காலண்டர் பார்க்கத் தெரியாதவனோடு என்ன பேசுவது? "படம் 86 மச்சான், பாட்டு எப்ப ரெக்கார்ட் பண்ணாங்களோ" என்கிறான். படம் வந்த பிறகா பாட்டைப் பதிவார்கள்?

நல்ல ஹெட்ஃபோனில் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், கருவியின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். ஹெட்ஃபோனை இரவல் வாங்கிப் போனவன் அந்த அம்பத்தூர்க்காரன்தான். திருப்பிக் கேட்டால் "ஒரு காது கேக்கலடா" என்கிறான். நான் கொடுக்கும்போது இரண்டும் கேட்டது.